இசை நூலக வகுப்பில் பாதியை வெட்டிய பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

அடுத்த கல்வியாண்டிலிருந்து முதலாண்டு மாணவர்களுக்கான இசை நூலக வகுப்பு இரண்டு அமர்விலிருந்து ஒன்றாகக் குறைகிறது, அதில் "தேடும் முறை மட்டும்" இருந்தால் போதும், சமூக நீதி, பாகுபாடு தொடர்பான பகுதிகள் "நூலகப் பயிற்சியின் வரம்புக்குள் வராது" என்ற உங்கள் சுற்றறிக்கை எனக்கும் வந்தது. அந்த வகுப்பைப் பல வருடங்களாக எடுத்து வருவது நான்தான். வெட்டுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். வெட்டப்பட்ட அமர்வில் என்ன நடக்கிறது என்று உங்களில் யாராவது ஒருமுறை வந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் தேடுவது வேறு, பாகுபாடு பற்றிப் பேசுவது வேறு என்று இரண்டாகப் பிரித்து எழுத உங்களுக்குக் கை வந்திருக்காது.

ஒரு மாணவர் நூலகப் பட்டியலான கேட்டலாக்கில் ஒரு பெயரைத் தட்டுகிறார், ஒரு பக்கம் நிறைய முடிவுகள் வருகின்றன. யாருடைய பெயர் ஆசிரியர் இடத்தில் நிற்கிறது, யாருடைய பெயர் கீழே குறிப்பில் ஒதுங்கியிருக்கிறது, யாருடைய பெயர் பதிவே ஆகவில்லை, இதையெல்லாம் யாரோ ஒருவர் எப்போதோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவுகளைப் பற்றி எதுவும் தெரியாமல் பட்டனை மட்டும் அழுத்தத் தெரிந்தவரைத் தேடத் தெரிந்தவர் என்று எப்படிச் சொல்வது?

வகுப்பில் நான் கொடுக்கும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். "ஈஸ்டர் சோனாட்டா" என்று ஒரு பியானோ படைப்பு இருக்கிறது, அதை எழுதியது யார் என்று கண்டுபிடித்து வாருங்கள் என்பேன். அவ்வளவுதான் கேள்வி. பாதிப் பேர் புகழ்பெற்ற ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோன் என்று வருவார்கள், பாதிப் பேர் அவருடைய அக்கா ஃபேன்னி மெண்டல்சோன் என்று வருவார்கள், இரண்டு தரப்பும் கையில் ஆதாரத்தோடுதான் வரும். நடந்தது இதுதான்: 1828இல் ஃபேன்னி எழுதிய சோனாட்டா அது. 1970களில் இசைத்தட்டாக வந்தபோது அட்டையில் தம்பியின் பெயர் போனது, ஏனென்றால் கையெழுத்துப் பிரதியில் இருந்தது "எஃப். மெண்டல்சோன்" மட்டும்தான், எஃப் என்றால் ஃபெலிக்ஸாகத்தான் இருக்க வேண்டும் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஏஞ்சலா மேஸ் என்ற ஆய்வாளர் 2010இல் அந்தப் பிரதியைப் பார்த்து, அது ஃபேன்னியுடையது என்று நிறுவினார். இதில் அரசியல் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஓர் எழுத்தைப் பார்த்ததும் ஆணின் பெயராகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்களே, அங்கேதான் வருகிறது. நூலகம் எங்கே வருகிறது என்றால், அட்டையில் இருப்பதை அப்படியே பதிவில் ஏற்றுவதுதான் எங்கள் வேலையின் விதி, அதனால் அட்டை தவறினால் கேட்டலாக்கும் தவறும், கேட்டலாக்கை நம்பி எழுதும் மாணவரும் தவறுவார். இந்தப் பயிற்சியை எடுத்துவிட்டு "ஆசிரியர் பெயரால் தேடுவது எப்படி" என்று மட்டும் நான் சொல்லிக் கொடுத்தால், தேடும் முறை என்று எதைச் சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்புறம் பிரிட்ஜ்டவர். பீத்தோவனின் ஒன்பதாவது வயலின் சோனாட்டா, ஓபஸ் 47, 1803இல் வியன்னாவில் முதன்முதலில் மேடையேறியபோது பீத்தோவனோடு சேர்ந்து வாசித்தவர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர், ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்த தந்தைக்குப் பிறந்த வயலின் கலைஞர். முதலில் அவருக்குத்தான் அது அர்ப்பணிக்கப்பட்டிருந்தது. பிறகு இருவருக்கும் மனக்கசப்பு வந்து, அச்சில் வந்தபோது க்ரொய்ட்சர் என்ற வேறொரு வயலின் கலைஞரின் பெயர் ஏறிவிட்டது, அவர் அதை மேடையில் வாசித்ததே இல்லை என்கிறார்கள். இன்று எந்த நூலகத்திலும் அது "க்ரொய்ட்சர் சோனாட்டா". வகுப்பில் பிரிட்ஜ்டவர் என்று தேடச் சொல்லி, அந்த சோனாட்டாவின் ஸ்கோர், அதாவது இசைக்குறிப்பு நூல், முடிவுகளில் வருகிறதா என்று பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் வராது. மாணவர்கள் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு மேல் நான் எதுவும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

உங்கள் சுற்றறிக்கையில் "நூலகம் நடுநிலையாக இருக்க வேண்டும்" என்றும் ஒரு வரி இருக்கிறது. நடுநிலையான அலமாரி எது என்று காட்டுங்கள், நானும் வந்து பார்க்கிறேன். நூல்களை எண்களால் பிரித்து அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் இசைக்கு 780. 1989இல் வந்த 20ஆம் பதிப்பில் அந்தப் பிரிவை முழுக்கப் பிரித்து மறுபடி எழுதினார்கள், நல்ல வேலைதான். அப்படித் திருத்தி எழுதிய பிறகு இருக்கும் நிலைமையைச் சொல்கிறேன்: மேற்கத்தியச் செவ்விசைக்கு 781.68. அதற்கு அடுத்த எண் 781.69, மேற்கத்தியமல்லாத செவ்விசை. அதாவது கர்நாடக இசை, ஹிந்துஸ்தானி, ஜப்பானின் ககாக்கு, இன்னும் உலகத்தில் இருக்கும் மற்ற எல்லாச் செவ்விசை மரபுகளும், ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாதவைகூட, "அதுவல்லாதவை" என்ற ஒரே அடையாளத்தோடு ஓர் எண்ணுக்குள் இடம் தேட வேண்டும். அமெரிக்காவின் பெரிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் வகைப்பாட்டில் இசைக்கான 'எம்' பிரிவு, ஆஸ்கர் சொனெக் என்ற நூலகர் உருவாக்கி 1904இல் வெளிவந்தது. அதில் பியானோ சோனாட்டாவுக்கு எம் 23, நரம்பிசை நால்வர் இசைக்கு எம் 452, சிம்பனிக்கு எம் 1001. கருவி என்ன, வடிவம் என்ன என்று பார்த்துப் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். அந்த வடிவங்களுக்குள் அடங்காத மக்களின் இசை பெரும்பாலும் எம் 1627க்கு அப்புறம் நாடு வாரியாகப் போய்ச் சேர்கிறது. ஒரு சாராருடைய இசைக்கு வடிவம் முகவரி, மற்றவர்களுடைய இசைக்குப் பிறந்த நாடு முகவரி. சொனெக்கைத் திட்ட நான் வரவில்லை. தன் முன்னால் குவிந்து கிடந்த நூல்களையும் ஸ்கோர்களையும் வைத்து அவர் செய்தது அந்தக் காலத்துக்கு மலைப்பான வேலை. ஆனால் நூறு வருடத்துக்கு மேலாக இருந்துவரும் அந்த வரிசையில் நடந்து பழகிய ஒரு மாணவருக்கு, எது இசை, எது ஏதோ ஒரு நாட்டின் பழக்கம் என்பது பற்றி அந்த அலமாரியே ஒரு பாடம் நடத்திவிடுகிறது. நாம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் அந்தப் பாடம் மட்டும்தான் நடக்கும்.

போன பருவத்தில் ஒரு மாணவர் நாகஸ்வர ஆலாபனைப் பதிவு ஒன்றைக் கேட்டலாக்கில் தேடிக் கண்டுபிடித்தார். பதிவில் இசையமைப்பாளர் என்ற இடத்தில் "பெயர் தெரியாதவர்" என்று இருந்தது. வாசித்தவரின் பெயர் உறையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது! ஆலாபனையில் அந்த நேரத்தில் இசையை உருவாக்குவது வாசிப்பவர்தான் என்பது இசை தெரிந்த யாருக்கும் தெரியும், ஆனால் எழுதிவைத்தவர்தான் படைப்பாளி என்று எண்ணி அமைத்த படிவத்தில் அவருக்குக் கிடைத்தது "நிகழ்த்துநர்" என்ற துணைக் கட்டம். அந்த மாணவர் கட்டுரையில் என்ன எழுதுவார்? பெயர் தெரியாதவர் என்றுதான் எழுதி வந்தார், ஏனென்றால் நூலகம் அப்படிச் சொல்கிறது. நூலகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற அந்த நம்பிக்கையை நாம்தான் வளர்த்தோம், அதைக் கொஞ்சம் கேள்வி கேட்கவும் நாம்தான் கற்றுத் தர வேண்டும்.

இன்னொரு மாணவி வாய்மொழிப் பாடல்களைப் பற்றி எழுத வந்தாள். கிடைத்த களப் பதிவுத் தொகுப்பில் ஆசிரியர் இடத்தில் ஒலிப்பதிவுக் கருவியோடு போன ஆய்வாளரின் பெயர். பாடியவர்களைப் பற்றி உள்ளட்டையில் இருந்தது "வயதான ஒரு பெண்", "பெண்கள் குழு" அவ்வளவுதான். மேற்கோள் பட்டியல் தயாரிக்கும்போது என்னிடம் வந்து, "பாடினவங்க பேரை எந்த இடத்துல போடணும்?" என்று கேட்டாள். மேற்கோள் மென்பொருளில் அதற்கு இடம் இருக்கிறது, போடத்தான் பெயர் இல்லை. அன்றைக்கு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தத் தொகுப்பின் பழைய களக் குறிப்புகள் எங்காவது காப்பகத்தில் இருக்கிறதா, வேறு பதிப்பில் பெயர்கள் வந்திருக்கிறதா என்று துருவினோம். சில பெயர்கள் கிடைத்தன, பல கிடைக்கவில்லை. அந்தத் தேடல்தான் அவளுடைய கட்டுரையின் நல்ல பகுதியாக அமைந்தது. இதை நான் எந்த அமர்வில் சொல்லிக் கொடுப்பேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் எடுத்துவிட்ட அமர்வில்தான்.

பதிவுகள் இப்படித்தான் இருக்கும், மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால் அதுவும் உண்மையில்லை. 1890இல் ஜெஸ்ஸி வால்ட்டர் ஃபியூக்ஸ் என்ற ஆய்வாளர் வட அமெரிக்காவின் பாஸமக்வாடி பூர்வகுடி மக்களின் பாடல்களையும் கதைகளையும் மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். களத்தில் செய்யப்பட்ட ஒலிப்பதிவுகளில் மிகப் பழையவை அவை. நூறு வருடத்துக்கு மேல் அவை ஆய்வாளரின் சேகரிப்பாகவே அறியப்பட்டன. பிற்பாடு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அந்தச் சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்து, 2018இல் அவற்றை இணையத்தில் வைத்தபோது, பதிவுகளில் பாஸமக்வாடி மொழித் தலைப்புகளும் விளக்கங்களும் ஏறின, இதை யார் எப்படிப் பயன்படுத்தலாம் என்று அந்த மக்களே சொல்லும் மரபறிவுக் குறியீடுகளும் சேர்ந்தன. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்து வைப்பதே நியாயம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இது ஒரு நல்ல அதிர்ச்சி, ஏனென்றால் சில பாடல்களை யார் கேட்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை பாடியவர்களுக்கும் உண்டு என்பது பல பேருக்கு முதல்முறையாக அங்கேதான் உறைக்கிறது. இவ்வளவு பெரிய நூலகம் செய்த வேலையை நாம் வகுப்பில் எடுத்துக் காட்டினால் அது "வரம்புக்கு வெளியே" என்கிறீர்கள்.

அமெரிக்க இசையமைப்பாளர் ஃப்ளோரன்ஸ் பிரைஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுக் கூட்டத்தில் "தரமாக இருந்தால் தானாக நூலகத்துக்கு வந்திருக்கும்" என்று ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய முதல் சிம்பனியை 1933இல் சிகாகோ சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தது. ஒரு கறுப்பினப் பெண்ணின் படைப்பை அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுவே முதல்முறை. 1943இல் அவர் பாஸ்டனின் இசை நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன, ஒன்று பாலினம், இன்னொன்று இனம் என்று வெளிப்படையாகவே எழுதினார். 1953இல் இறந்தார். 2009இல் இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் குவியலாகக் கிடைத்தன, அந்த வீட்டைச் சரிசெய்ய வந்தவர்கள் கண்ணில் பட்டதால் தப்பியவை. தரம் தானாக நூலகத்துக்கு நடந்து வருவதில்லை ஐயா. பதிப்பாளர் வேண்டும், வாங்குபவர் வேண்டும், பதிவு செய்பவர் வேண்டும், வாசிக்கக் கேட்பவர் வேண்டும். இதில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தாலும் அலமாரியில் வெற்றிடம்தான், அந்த வெற்றிடத்தைப் பார்த்து "அப்படி ஒருவரும் எழுதவில்லை" என்று மாணவர் முடிவு கட்டிவிடுகிறார். கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல என்று சொல்லிக் கொடுப்பதைவிட முக்கியமான நூலகப் பயிற்சி எனக்குத் தெரியாது.

பாடநூல்களும் இதே கதைதான். ஃபிலிப் யூவல் என்ற அமெரிக்க இசைக் கோட்பாட்டாளர் 2020இல் வெளியிட்ட கட்டுரையில், அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஏழு இசைக் கோட்பாட்டுப் பாடநூல்களில் உள்ள 2,930 இசை எடுத்துக்காட்டுகளில் வெள்ளையரல்லாதவர்கள் எழுதியவை 49 மட்டுமே என்று எண்ணிக் காட்டினார். அவருடைய மற்ற வாதங்களோடு எல்லோருக்கும் உடன்பாடு இல்லை, பெரிய சண்டையே நடந்தது. எனக்கு இங்கே அந்த எண்ணும் வேலைதான் முக்கியம். கையில் இருக்கும் புத்தகத்தை எடுத்து யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எண்ணிப் பார்ப்பது ஒரு மாணவர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம்.

இப்போது உங்கள் தரப்பு நியாயங்களுக்கு வருகிறேன்.

இது புதுசாக வந்த ஃபேஷன் என்கிறீர்கள். சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர் ஒரு நூல் எதைப் பற்றியது என்று குறிக்கும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் பொருள் தலைப்புகளில் மனிதர்களைப் பற்றி இருக்கும் பாரபட்சங்களை எடுத்து வைத்துப் புத்தகம் போட்டது 1971இல். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2016இல் ஏற்றுக்கொண்ட தகவல் எழுத்தறிவு, அதாவது தகவலைத் தேடி எடைபோடும் திறன், பற்றிய சட்டகத்தின் ஆறு கருத்துகளில் ஒன்று, ஒரு மூலத்தின் அதிகாரம் உருவாக்கப்படுவது, சூழலைப் பொறுத்தது என்பது. நூலகவியல் படித்த யாரைக் கேட்டாலும் ரங்கநாதனின் 1931ஆம் ஆண்டு ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதை ஒப்பிப்பார்கள். தன் மரபின் இசை "அதுவல்லாதவை"யில் கிடக்கிறது என்று தெரியாத வாசகர் தனக்குரிய நூலை எப்படி எடுப்பார்?

நேரம் இல்லை என்கிறீர்கள். இது நியாயமான பிரச்சினை, மறுக்க மாட்டேன். ஆனால் முதல் அமர்வில் பாதி நேரம் கடவுச்சொல், லாகின், அச்சு எடுப்பது, தவணை தேதி என்று போகிறது. அதைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பிவிடலாம், நானே செய்து தருகிறேன். வெட்ட வேண்டியது அங்கே இருக்கிறது.

இசை வரலாற்று வகுப்பில் பார்த்துக்கொள்வார்கள் என்கிறீர்கள். அங்கே ஃபேன்னியின் வாழ்க்கையைச் சொல்வார்கள், சந்தோஷம். அவருடைய சோனாட்டா கேட்டலாக்கில் எந்தப் பெயரில் கிடக்கிறது என்று அங்கே யாரும் காட்டப்போவதில்லை, அது எங்கள் வேலை.

மாணவர்கள் சங்கடப்படுகிறார்கள் என்றும் ஒரு புகார். யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வகுப்பு இல்லை இது. பீத்தோவனை அலமாரியிலிருந்து இறக்கச் சொல்லி நான் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன், அப்படிச் சொல்பவர்களோடு எனக்கும் சண்டை உண்டு. அதேபோல வருடத்துக்கு ஒருமுறை "பெண் இசையமைப்பாளர்கள் வாரம்" என்று வாசலில் ஒரு மேசை போட்டு நாலு ஸ்கோரை அடுக்கிவிட்டு மறுவாரம் எடுத்து உள்ளே வைப்பதும் எனக்குப் பிடிக்காத வேலை. அதைப் பார்க்கும் மாணவருக்கு இவர்கள் எல்லாம் விருந்தாளிகள் என்றுதான் தோன்றும். என் வகுப்பு கைத்தொழில் மாதிரி: பதிவைத் திற, யார் எழுதிய விவரம் என்று பார், யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று கேள், வேறு பெயரில், வேறு எழுத்துக்கூட்டலில், வேறு தலைப்பில் மறுபடி தேடு. சங்கடம் வருகிறது என்றால், வரட்டும், அது பதிவில் இருக்கும் சங்கடம்.

ஸ்ட்ரீமிங் தளங்களைப் பற்றி ஒரு வரி. மாணவர்கள் பெரும்பாலும் அங்கேதான் கேட்கிறார்கள், அங்கே பாடகர், ஆல்பம், பாட்டு என்ற மூன்று கட்டத்துக்குள் எல்லாம் அடைக்கப்படுகிறது, ஏற்கெனவே அதிகம் கேட்கப்பட்டது இன்னும் மேலே வருகிறது. நூலகத்திலும் இந்தக் கண்ணைப் பழக்காவிட்டால் வேறு எங்கே பழக்குவது?

சரி, எனக்கு வேண்டியவை இவை.

இரண்டாவது அமர்வை அடுத்த பருவத்திலேயே திரும்பக் கொடுங்கள். "வரம்புக்குள் வராது" என்ற வரியைச் சுற்றறிக்கையிலிருந்து எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெறுங்கள், ஏனென்றால் அந்த வரி இருக்கும்வரை நான் முதல் அமர்விலேயே ஃபேன்னியின் பெயரை எடுத்தாலும் யாராவது கேள்வி கேட்கலாம், என் சக நூலகர்கள் இப்போதே தயங்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதலாண்டு மாணவர்களின் ஏதாவது ஒரு ஒப்படைப்பில், எதைத் தேடினேன், என்ன கிடைத்தது, யாருடைய குரல் கிடைக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண்ணும் வையுங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் மாணவர்கள் தீவிரமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத் திருத்தும் வேலையில் பாதியை நூலகம் ஏற்கத் தயார்.

மாணவர்கள் கண்டுபிடிக்கும் பிழையான பதிவுகளைத் திருத்துவதற்கு பட்டியலாக்கப் பணியாளர் ஒருவருக்கு வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்குங்கள். "பெயர் தெரியாதவர்" என்று கிடக்கும் அந்த நாகஸ்வரப் பதிவை ஒரு மாணவர் சுட்டிக்காட்டி மூன்று மாதம் ஆகப்போகிறது, இன்னும் அப்படியே இருக்கிறது. சுட்டிக்காட்டினாலும் எதுவும் மாறாது என்று அவர் கற்றுக்கொண்டு போனால் அதைவிட மோசமான பாடம் இல்லை. அதோடு, ஸ்கோர் கொள்முதல் பட்டியலை முடிவு செய்யும்போது இந்த வகுப்பில் மாணவர்கள் தேடிக் கிடைக்காமல் போனவற்றின் பட்டியலையும் மேசையில் வையுங்கள், நான் பருவத்துக்கு ஒருமுறை தொகுத்துத் தருகிறேன்.

இனி நூலக வகுப்பைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டங்களில் நூலகர் ஒருவர் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். முடிவை மாற்றுவதற்கு முன் உங்களுக்கு இன்னும் ஆதாரம் வேண்டும் என்றால் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து இந்தப் பருவம் முடிவதற்குள் நான் எடுக்கும் மீதி வகுப்புகளில் ஏதாவது ஒன்றில் முழுக்க உட்காருங்கள், பயிற்சியையும் மாணவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

அடுத்த பருவத்துக்கான கால அட்டவணை அச்சாவதற்கு முன் இந்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் முடியும் அல்லது முடியாது, முடியாது என்றால் ஏன், என்று எழுத்தில் பதில் வேண்டும். வராந்தாவில் நிறுத்தி வாய்மொழியாகச் சொல்வதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
அந்த வகுப்பை எடுக்கும் இசை நூலகர்